சீனி போடாத காப்ளர்

ஞானபாய் வீட்டிலிருந்து போன தட்டு எதுவும் மிச்சத்தோடு திரும்பி வந்ததில்லை. இதை யாரும் சொல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம் முன்பே அவளுடைய ஓவன் சூடாகிவிடும். பிளம் கேக் கேட்டு பூதப்பாண்டியிலிருந்தெல்லாம் திட்டுவிளைக்கு ஆள் வரும். அவளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு, வாயில் பொய் வராது என்பது. பிரசங்கம் நீண்டுபோன ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய வாசலில் கை கொடுக்கும்போதே, "இன்னைக்கு கொஞ்சம் இழுத்துட்டிய, ஐயரே" என்று போதகரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளோடு முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்துவதற்குத் தனியாக ஒரு பொறுமை வேண்டும். அவள் கணவர் இஸ்ரவேலுக்கு அது நிறையவே இருந்தது.

இஸ்ரவேல் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். அவருடைய அப்பா அஞ்சுகிராமம் பக்கத்தில் பனையேறினார். மகன் கரண்டுக் கம்பத்தில் ஏறினார். "ரெண்டும் ஒரே வேலைதான், இதுல பதனி கிட்டாது, அவ்வளவுதான்" என்பார். ஒக்கி புயல் சமயத்தில் பதினாறு நாள் வீட்டுப் பக்கமே வராமல் கம்பத்துக்குக் கம்பம் ஏறிக்கொண்டிருந்தார். கடைசி நாள் தங்கள் தெருவுக்கு கரண்டு கொடுத்துவிட்டு, ஈரச் செருப்போடு அடுக்களை வாசலில் வந்து நின்று, "ஏட்டி, தின்ன இனிப்பா என்ன இருக்கு?" என்று கேட்டவர். இனிப்பு என்றால் அவருக்கு உயிர்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் சுகர் என்று சொல்லிவிட்டார்கள். சாயாவில் சீனி போனது. கொஞ்ச நாளில் பாலும் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது. அதன் பிறகு இஸ்ரவேல் கட்டஞ்சாயாவைக் கஷாயம் போலக் குடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மிட்டாய் தின்பதை வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானபாய்க்கு அதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் கேக் செய்கிறவள் வீட்டில் கட்டினவருக்கு ஒரு துண்டு கொடுக்க வழியில்லை.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜினிஷாதான் போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு அந்தச் செய்முறையை அனுப்பினாள்.

"அம்மா, இதுக்கு பேரு காப்ளர். கேக்கு மாதிரி மெனக்கெட வேண்டாம். அடியில பழம், மேல மாவு, அவ்வளவுதான். சீனி கெடையாது, பாலு கெடையாது, வெண்ணெய் கெடையாது. பழத்துல உள்ள இனிப்பு போதும். அப்பா பயப்படாம கொஞ்சமா தின்னலாம்."

ஞானபாய் வடசேரிச் சந்தைக்குப் போய் ஆப்பிளும் கொய்யாவும் வாங்கி வந்தாள். கொய்யாவின் விதைப்பகுதியை எடுத்துவிட்டு, இரண்டையும் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறும் கருவாப்பட்டைத் தூளும் பிசறிக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரத்தினாள். வெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய். அது நம்மூர் வெயிலில் உறையாது என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்துக் கட்டியாக்கி, கோதுமை மாவில் விரல் நுனியால் உதிர்த்தாள். பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, உருட்டி உருட்டிப் பழத்தின் மேல் வைத்து ஓவனில் ஏற்றினாள். நாற்பது நிமிஷத்தில் மேலே பொன்னிறமாகப் பொரிந்து, ஓரத்தில் பழச்சாறு கொதித்து வந்தது. மணம் என்னவோ தெருமுக்கு வரை போனது.

இஸ்ரவேல் ஒரு கரண்டி வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். பிறகு தட்டை ஒரு விரலால் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வயிறு நெறஞ்சிட்டு."

ஒரு கரண்டிக்கு வயிறு நிறையுமா? ஞானபாய்க்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. மிச்சத்தோடு தட்டு திரும்பியது, அதுவும் சொந்த வீட்டில்.

அடுத்த வாரம் அவள் மறுபடியும் செய்தாள். இந்தத் தடவை அடுக்களைப் பரணிலிருந்து கருப்பட்டி டின்னை இறக்கினாள். அவள் தம்பி அஞ்சுகிராமத்திலிருந்து வருஷா வருஷம் கொண்டு தருகிற கருப்பட்டி. ஒரு வட்டை உடைத்துச் சுக்கோடு காய்ச்சி, வடிகட்டிப் பழத்தில் ஊற்றினாள். இதில் தப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சீனி என்பது கடையில் வாங்குகிற வெள்ளைப் பொருள், விஷம். கருப்பட்டி என்பது மருந்து. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது, இருமலுக்குக் கொடுப்பது, சமைந்த பெண்ணுக்கு உளுந்தில் சேர்த்துக் கொடுப்பது. அவளுடைய ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் அவள் இதை யாரிடமும் மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. குழம்பில் உப்புப் போட்டேன் என்று யார் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்?

அன்றைக்கு இஸ்ரவேல் முதல் கரண்டியை வாயில் வைத்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் போலிருந்தது. கேட்கவில்லை. தட்டை வழித்துத் தின்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார்.

"சீனி ஒரு தரி கூட போடல்ல மக்கா, கேட்டியா? உங்கப்பா தட்டைக் கழுவி வச்ச மாதிரி தின்னுட்டாரு" என்று அவள் ஜினிஷாவிடம் போனில் பூரித்துப்போய்ச் சொன்னாள்.

வாரம் ஒரு தடவை என்று ஆரம்பித்தது மூன்று நாளுக்கு ஒரு தடவை ஆயிற்று. பிறகு அந்தக் கண்ணாடிப் பாத்திரம் காலியாக இருந்த நாளே இல்லை.

ஆடி மாதம் ரத்தம் சோதித்தபோது சுகர் ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள். ஓணத்துக்குப் பிறகு இன்னும் ஏறியது. ஊசி எழுதினார்கள். அப்போதும் இறங்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வெளியில ஏதாவது சாப்பிடுறாரா?" என்று ஞானபாயைக் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் காவல் காத்தாள். சட்டைப் பையைத் துழாவினாள். தலையணை உறையை உதறிப் பார்த்தாள். முக்கில் சாயாக்கடை வைத்திருக்கும் செல்லக்கனியிடம் போய், "அவருக்கு இனிப்பு எதையாவது குடுத்தேன்னு தெரிஞ்சா உனக்க கண்ணாடி அலமாரி இருக்காது" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினாள். செல்லக்கனி பாவம், அவர் கடைக்கு வந்தே ஆறு மாதம் ஆகிறது என்று சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை.

இஸ்ரவேலும் சத்தியம் செய்தார். வேதபுத்தகத்தின் மேல் கை வைத்து, "வெளியில நான் ஒண்ணும் தின்னல்ல ஞானம்" என்றார்.

"வேதத்தைத் தொட்டு பொய் சொல்லுதியளே, நாக்கு கூசல்லியா?"

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்கு மேல் அவள் செய்ததுதான் பெரிய அநியாயம். அவர்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்க, ஜெபக் குறிப்பு கேட்டபோது, "எனக்க வீட்டுக்காரரு களவா தின்னுதாரு. அந்த ஆசையை ஆண்டவரு எடுத்துப் போடணும்னு ஜெபியுங்க" என்றாள். இஸ்ரவேல் அந்த அறையில்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு அவருடைய நாக்குக்காக ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் அவள் வந்தவர்களுக்குச் சாயா கொடுத்தாள். அவருக்கு ஒரு கிண்ணம் காப்ளர் கொடுத்தாள்.

ஐப்பசியில் செருப்பு வார் உரசி இடது பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. விரலை எடுத்தார்கள். அதன் பிறகும் ஆறவில்லை, கறுப்பு மேலே ஏறியது. கிறிஸ்மஸ் முடிந்து, ஆர்டர் கேக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்த வாரத்தில், முட்டுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டது ஞானபாய்தான். போட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவரின் காது கேட்க, "நாக்கை அடக்கியிருந்தா இந்த கதி வந்திருக்குமா?" என்று அழுதாள். கம்பத்தில் ஏறிய கால் அது. அவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் காயத்தைக் காட்டப் போனபோது, சாப்பாட்டு முறை சொல்லித் தரும் ஸ்மைலின் என்ற பெண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். என்னவெல்லாம் சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். ஞானபாய் ஒரு நோட்டில் அளவோடு, அடக்கமான பெருமையோடு, எழுதிக்கொண்டு போயிருந்தாள். ஸ்மைலினின் பேனா ஒரு வரியில் வந்து நின்றது.

"காப்ளருல கருப்பட்டி போடுவியளா அம்மா?"

"ஆமா. சீனி தொடவே மாட்டேன். ஒரு பாத்திரத்துக்கு ஒரு வட்டு, எரநூறு கிராம் இருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"எட்டொம்பது மாசமா. ஆசுபத்திரியில கெடந்தப்ப மட்டும் இல்ல."

ஸ்மைலின் பேனாவை வைத்தாள். "கருப்பட்டி நல்ல பொருளுதான் அம்மா. ஆனா சுகரு உள்ளவங்களுக்கு சீனியும் அதுவும் ஒண்ணுதான். ரத்தத்துல போனா ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யும்."

ஞானபாய் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்ப இதுனாலதானா அவருக்க காலு..."

"அப்படி ஒண்ண மட்டும் சொல்ல முடியாது. ரத்த ஓட்டமும் கொறவா இருந்திருக்கு. சுகரு கட்டுல இருந்திருந்தா புண்ணு ஆற வாய்ப்பு உண்டு." சின்னப் பெண். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் முதல் பாதி ஞானபாயின் காதில் ஏறவே இல்லை.

வெளியே வராந்தாவில் இஸ்ரவேல் சக்கர நாற்காலியில் காத்திருந்தார். இடுப்பில் கட்டி, கால் இல்லாத பக்கம் மடித்துச் செருகிய சாரத்தின் ஓரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. "என்ன சொன்னா அந்தப் பிள்ளை?" என்று கேட்டார். "அரிசிச் சோறு கொறைக்கணுமாம்" என்றாள். அது பொய்யில்லை, ஸ்மைலின் அதையும் சொல்லியிருந்தாள். ஆனால் சொல்ல வேண்டியது அதுவல்ல என்று ஞானபாய்க்குத் தெரியும்.

ஒன்பது நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போவாள். அந்த ஜெபக்கூட்டம் ஞாபகம் வரும், செல்லக்கனி கடை ஞாபகம் வரும், ஸ்ட்ரெச்சர் ஞாபகம் வரும். போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். கருப்பட்டி டின்னைத் தூக்கியெறியவும் கை வரவில்லை, பரணில் திரும்ப வைக்கவும் மனம் வரவில்லை. அது அடுக்களை மேடையிலேயே இருந்தது. அவள் செத்துப்போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். பிறகு இவரைக் கழிப்பறைக்கு யார் கொண்டு போவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் மத்தியானம் இஸ்ரவேல், "அந்தக் காப்ளரு செய்து ரொம்ப நாளாச்சே. இன்னைக்கு கொஞ்சம் செய்வியா?" என்றார்.

காலை எடுத்த பிறகு தனக்கு வேண்டுமென்று அவர் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது. மாட்டேன் என்றால் ஏன் என்பார். கருப்பட்டி போட்டுச் செய்ய முடியாது. போடாமல் செய்தால் முதல் கரண்டியிலேயே ருசி மாறியது தெரியும், ஏன் மாறியது என்று தெரியும், கால் எதனால் போனது என்றும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று முடிவு செய்தாள். தன் வாயால் சொல்ல முடியாததைக் காப்ளர் சொல்லட்டும். ஆப்பிளையும் கொய்யாவையும் நறுக்கினாள். மாவை உருட்டி வைத்தாள். ஓவனின் கண்ணாடி வழியாக அது பொன்னிறமாவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஒரு கரண்டி தின்றார். மென்றார். நிறுத்தினார்.

"கருப்பட்டி போடல்லியா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்க அப்பன் பனையேறினவரு. கருப்பட்டிக்கு பதனி காயுற அடுப்புக்க பக்கத்துல கெடந்து வளந்தவன் நான். மொதல் நாளே தெரியும்."

"அது சுகருக்கு ஆகாதாம். அதுவும் சீனியும் ஒண்ணுதானாம். எனக்குத் தெரியாது ஜினிஷா அப்பா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான்தான் உங்க காலை..."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் அழுகை பாதியில் நின்றது.

"மொத மொத சுகருன்னு சொன்ன அன்னைக்கே டாக்டரு சொன்னாரு, கருப்பட்டியும் ஆகாதுன்னு. நீ அப்ப மருந்து வாங்க வெளிய நின்ன."

"தெரிஞ்சா பின்ன ஏன் சொல்லல்ல? நான் ஊருக்கெல்லாம் உங்களைக் களவாணின்னு சொன்னேனே. பன்னிரண்டு பேருக்கு முன்னால சொன்னேனே. அப்பமாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

இஸ்ரவேல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா நீ நிறுத்திருவ. எனக்கு தின்னணும்னு கொதி, ஞானம். வேற ஒண்ணும் இல்ல. உன்னைக் காப்பாத்தணும்னு எல்லாம் இல்ல. வெறும் கொதி."

ஞானபாய்க்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இத்தனை நாளும் குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று சுமந்திருந்தாள். அதற்கு முன் முழுக்க அவருடையது என்று ஏசியிருந்தாள். இப்போது அது யாருடையது என்று வைக்க ஓர் இடமில்லை. முப்பத்திநாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒருவர் தெரியாமலும் ஒருவர் தெரிந்தும், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் காலைத் தின்றிருக்கிறார்கள்.

அவர் கிண்ணத்தை ஒரு விரலால் தள்ளி வைத்தார்.

"ஒரு துண்டு கருப்பட்டி இருந்தா தாயேன். ஒரே ஒரு துண்டு. இனி என்ன, மத்த காலுதானே."

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். டின்னைத் திறந்தாள். அடியில் மூன்று வட்டுகள் கிடந்தன. மணம் முகத்தில் வந்து ஏறியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஞானம், இருக்கா?" உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். குழந்தை கேட்பது போலக் கேட்டார்.

"தீந்துபோச்சு" என்றாள், டின்னைக் கையில் வைத்துக்கொண்டே.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பொய் என்று அவருக்குத் தெரியும்.