கராஜுக்கு வராத செல்வராஜ் சார்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

செல்வராஜ் சார் இறந்த செய்தி எங்கள் டெக்சாஸ் சுகர் லேண்ட் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் ஃப்ரீவே நெரிசலில் நின்றிருந்தேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர் யாருடைய பெண்ணுக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார். பிறகு மறுபடியும் கூப்பிய கைகள்.

இரங்கல் கூட்டத்தில் நான் பேசுவதாக இருந்தது. மேடையேறுமுன் தமிழ்ச் சங்கச் செயலாளர் என்னை ஓரமாக அழைத்து, "பாஸ், அந்த ஒயின் மேட்டர் மட்டும் வேண்டாம். கிட்ஸ் எல்லாம் இருக்காங்க," என்றார். ஒயினை விட்டுவிட்டு சாரைப் பற்றி என்ன பேசுவது? உட்கார்ந்துவிட்டேன். செயலாளரே பேசினார். "எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத மனிதர்" என்றார். முன்வரிசை தலையாட்டியது. அதில் பாதிப் பேர் சார் வீட்டில் குடித்தவர்கள்.

சாரும் நானும் ஒரே எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவர் கம்பத்துக்காரர், வீட்டில் திராட்சைத் தோட்டம். "நம்ம பன்னீர் திராட்சைக்கு வெளிநாட்டுல மஸ்கட் ஹாம்பர்க்னு பேரு தம்பி. நாம ஜூஸ் போட்டோம், அவங்க ஒயின் போட்டாங்க. அம்புட்டுத்தான்," என்பார். மற்றவர்கள் ஐரோப்பா போனால் கோபுரங்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இவர் ஒரு குடும்பமே உழுது, பறித்து, பிழிந்து, புட்டியில் அடைக்கும் சின்னத் தோட்டங்களைத் தேடிப் போவார்.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரைச் சரிவில் அப்படி ஒரு வீடு. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை விளைவிப்பவர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் உறவினர் கட்டிக் கொடுத்த மிளகாய்ப் பொடி இட்லியை சார் அந்த வீட்டு அம்மாளுக்கு நீட்டியிருக்கிறார். அந்த அம்மாள் முகம் சிவந்து, தன் ஒயினையே எடுத்துக் குடித்தாராம். "லேசா இனிப்பு இருக்குல்ல, காரத்தை அப்படியே அமத்திருச்சு. 'நான் இத்தனை வருஷமா இந்த இட்லிக்குத்தான் ஒயின் போட்டிருக்கேன்'னு சொன்னாங்க தம்பி!" என்பார் சார்.

அவர் மனைவி வசந்தா ஆன்ட்டி உடனே, "அந்தம்மா தண்ணி கேட்டுச்சு. இவரா ஒரு அர்த்தம் சொல்லிக்கிறாரு," என்பார்.

எங்கள் ஊர் விருந்துகளில் ஆண்கள் கராஜில் நின்று குடித்துவிட்டு, சூயிங் கம் மென்றுகொண்டு உள்ளே வருவார்கள். சார் அங்கே வரமாட்டார். "கராஜ்ல கார் நிக்கட்டும். நான் எதுக்கு நிக்கணும்?" தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மீன்குழம்புச் சோற்றோடு, ஆன்ட்டிக்கு எதிரே, ஆளுக்கு அரை கிளாஸ். பேரப்பிள்ளைகள் பக்கத்திலேயே ஹோம்வொர்க் செய்வார்கள்.

அவருடைய ஓய்வு விருந்தில் செயலாளர் பிரான்சின் பர்கண்டி ஒயின் புட்டி ஒன்றைப் பரிசளித்தார். "பேரண்ட்ஸ் வந்திருந்தாங்க அங்கிள். சம்மர் ஃபுல்லா கராஜ்ல பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி பத்திரமா வெச்சிருந்தேன்," என்றார். டெக்சாஸ் கோடையில், கராஜில்! சூட்டில் ஒயின் கெட்டுப்போய், திறந்ததும் வெந்த பேரீச்சம்பழ வாசனை அடித்தது. அந்த ஆளின் முகத்தில் அசடு வழியும் தருணத்துக்காக நான் காத்திருந்தேன். சங்கத் தேர்தலில் அவர் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. சார் கிளாஸைக் காலி செய்துவிட்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டு வந்த பாட்டில்ப்பா இது. தேங்க்ஸ்," என்றார்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "ஏன் சார் உடைச்சுச் சொல்லல?"

"அப்பா அம்மாவுக்குப் பயந்து ஒளிச்சிருக்கான். பயந்தவனைப் போட்டு என்ன அடிக்கிறது?"

இரங்கல் கூட்டம் முடிந்து பார்க்கிங்கில் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி பேசல?" காரணத்தைச் சொன்னேன். "கெட்ட பழக்கமே இல்லாதவராமே. அப்ப தினமும் எனக்கு எதிர்ல உக்காந்து கிளாஸைத் தட்டுனது யாரு? இவங்க பேசினது வேற யாரைப் பத்தியோ. நீங்களாவது எழுதிப் போடுங்க. என் பேரப்பிள்ளைங்களுக்கு அவங்க தாத்தா வேணும்."

முதலில் எழுதியதில் செயலாளரின் பெயர் இருந்தது. கராஜில் நின்றவர்கள் எல்லோருடைய பெயரும் இருந்தது. எழுதும்போது இனித்தது. படித்துப் பார்த்தால் சார் எங்கேயோ ஓரத்தில் நின்றிருந்தார். அழித்துவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு காலிப் புட்டி. பர்கண்டியில் ஒரு குடும்பம் போட்டது. அதன் லேபிளைக் காட்டித்தான் ஒருமுறை சொன்னார்: "ஊர் பேரு எவ்வளவு பெரிசு பாருங்க. போட்டவன் பேரைத் தேடணும். இவனுகளுக்கு மண்ணு மேல அவ்வளவு மரியாதை தம்பி."

இறுதிச்சடங்கு நடத்தியவர்களின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் நினைவுகளை எழுதலாம். பெயர் கட்டாயமில்லை. என் பெயரைப் போட்டால் இது என் பழைய சண்டையாகிவிடும். சாரை யாரும் படிக்க மாட்டார்கள். மேலே அவர் பெயர் பெரிதாக இருக்கிறது. கீழே பெயர் எதுவும் எழுதாமல் பதிவிடுகிறேன்.