வயிறு மாறிய அந்துப்பூச்சி

அந்துப்பூச்சி என்றால் அரிசியில் வருவது என்றுதான் எங்கள் குளத்தூரில் எல்லோருக்கும் தெரியும். நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்தது கோலியோஃபோரா என்கிற அந்துப்பூச்சிப் பேரினம். நகக்கண் நீளம்கூட இருக்காது. ஐரோப்பாவில் ஏகப்பட்ட சிற்றினங்கள் உண்டு, நம் பக்கம் கொஞ்சம். இறகைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே வைக்கோல் நிறம். எது எதுவென்று சொல்ல, வயிற்றைக் காரக் கரைசலில் வேகவைத்து, நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். "வேற பூச்சியே கெடைக்கலையா ஒனக்கு?" என்றார் அப்பா. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

வாசல் ட்யூப்லைட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பூச்சிகளைக் காலையில் பொறுக்குவேன். ஒருமுறை இரண்டை ஊசியில் குத்திக் காயவைத்திருந்தேன். ஒன்று கோலியோஃபோரா, மற்றது வேறு குடும்பத்தைச் சேர்ந்த சின்னப் பூச்சி. புழுக்கமாக இருக்கிறதே என்று அப்பா ஃபேனைப் போட்டார். காய்ந்த வயிறுகள் இரண்டும் கழன்று தட்டில் விழுந்தன. நான் போட்ட கத்தலில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இப்படிக் கழன்றால் தனிக் குப்பியில் போட்டு, சந்தேகம் என்று எழுதி வைப்பதுதான் முறை. எனக்கிருந்த கோபத்தில் லென்ஸ்கூட வைத்துப் பார்க்காமல் பசை தொட்டு இரண்டையும் ஒட்டிவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்தக் கோலியோஃபோராவின் வயிற்றை எடுத்துப் பார்த்தால், எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பாவில் இருக்கும் நிபுணர் ஒருவருக்குப் போட்டோ அனுப்பினேன். புதிய சிற்றினமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. அதற்குக் குளத்தூர் பெயரைத்தான் வைப்பேன் என்று வீட்டில் சொன்னேன். அன்று சாயங்காலமே விஷயம் டீக்கடைக்குப் போய்விட்டது. அதிலிருந்து அப்பா பஸ் ஸ்டாப் பக்கம் போனாலே, "என்னங்க, ஒங்க பூச்சி வந்துருச்சா?" என்று கேட்பார்கள். "வந்துக்கிட்டிருக்கு" என்பார், தாமதமான பஸ்ஸைச் சொல்வது மாதிரி.

கட்டுரை எழுதி முடித்தேன். ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அந்த இன்னொரு பூச்சியின் வயிற்றையும் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது அச்சு அசல் கோலியோஃபோரா, அதுவும் நான் பலமுறை வரைந்து பழகிய சாதாரணச் சிற்றினம். அடிப்பாவி, மாற்றி ஒட்டித் தொலைத்திருக்கிறேனே!

வேறு யாருக்கும் தெரியாது. அந்த இரண்டாவது வயிறு இருந்த கண்ணாடி ஸ்லைடை உடைத்துப் போட்டால் கதை முடிந்தது. இரண்டு நாள் அதை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு அப்படித்தான் யோசித்தேன், பொய் சொல்வானேன். அந்தப் பெயரின் மேல் அப்பாவைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். மூன்றாம் நாள் நிபுணருக்கு உண்மையை எழுதி அனுப்பிவிட்டு அப்பாவிடம் போனேன்.

"புதுப் பூச்சியெல்லாம் இல்லப்பா. வயித்த மாத்தி ஒட்டிட்டேன்."

பேப்பரை மடித்தார். "ஃபேன நான்தானே போட்டேன்?"

"நீங்க போட்டீங்க. பாக்காம ஒட்டுனது நான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்த அப்பாவிடம் யாரோ வழக்கம்போல, "பூச்சி என்னாச்சுங்க?" என்றார்.

"அத ஏன் கேக்குறீங்க? நான் ஃபேனப் போட்டு எல்லாத்தையும் கெடுத்துப்புட்டேன்" என்றார் அப்பா. பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கும் அதே பழைய குரல்.

எனக்குக் கோபம் வந்தது. பஸ் வருவதைப் பார்த்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினேன். "இல்லைங்க. அப்பா மேல தப்பு இல்ல. ஒட்டுனது நான். தப்பா ஒட்டிட்டேன்" என்றேன், அவரைவிடச் சத்தமாக.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பஸ் போகுது பாரு" என்றார்.

"போகட்டும்ப்பா."

அவர் பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டு, இன்னொரு டீ சொன்னார்.