மலையிலிருந்து வந்த மண்

மண்ணுக்கடியில் வாழும் பிராணிகளைத் தேடுவது என் வேலை. கம்பத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் பாய் ஒருவர் இல்லையென்றால், அந்த வேலையில் ஒரு பெரிய பொய்யை எனக்கே தெரியாமல் சொல்லியிருப்பேன்.

முதல் தடவை மண்வெட்டியோடு போனபோது அவர் உள்ளேயே விடவில்லை.

"வேரு அறுந்துபோகும்மா. இங்கன தோண்டக் கூடாது."

மறு வருடம் சின்னக் கரண்டியும் மூடி போட்ட குப்பிகளும் மட்டும் கொண்டுபோனேன். ஒரு உயிர் ஊர்ந்துபோன இடத்தில் அதன் தோலோ சளியோ கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதிலுள்ள டிஎன்ஏவை வைத்தே இன்ன பிராணி என்று சொல்லிவிடலாம் என்று விளக்கினேன்.

"இம்புட்டு மண்ணுதானா? எடுத்துக்கங்க" என்று சிரித்தார்.

நான் தேடியது சிசிலியன். பார்க்கப் பெரிய மண்புழு மாதிரி இருக்கும். உண்மையில் தவளைக்கு உறவு, கால்தான் கிடையாது. சோதனை முடிவு வந்தபோது ஒரு குப்பியில் அதன் டிஎன்ஏ இருந்தது. அல்லிநகரத்தில் என் வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"எந்த எடத்து மண்ணும்மா?"

"மோட்டார் ரூமுக்குப் பின்னாடி எடுத்தது, பாய்."



"அது நம்ம தோப்பு மண்ணு இல்லம்மா. மெளகுக் கொடி பதியம் போட, மச்சான் மலையில இருக்குற அவுக ஏலத்தோட்டத்துல இருந்து மூட்டை கட்டி அனுப்புனாக. அங்கனதான் கொட்டி வச்சோம். அன்னைக்கே சொல்லியிருக்கணும், தோணல."

அந்த டிஎன்ஏ மலை மண்ணோடு வந்தது என்றால், தோப்பில் சிசிலியன் இருக்கிறது என்று எழுத முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும், நான் கேட்காத ஒன்றை, சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காத ஒன்றை, அவராகச் சொன்னார். அதை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

"மழை விழட்டும், மறுபடி வாங்க" என்றார்.

போனேன். தோப்பில் கிணற்றடி வாழைகளுக்குள் மண் எடுப்பதென்று முடிவானது; அங்கே வெளிமண்ணோ எருவோ வராமல் அவரே பார்த்துக்கொண்டார். இரண்டு முறை எடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. "இல்லைன்னா இல்லைன்னு எழுதிருங்க" என்றார். ஐப்பசி மழைக்குப் பிறகு மூன்றாவது முறை எடுத்ததில், வாழையடி மண் நிறைந்த இரண்டு குப்பிகளில் சிசிலியன் இருந்தது. இம்முறை சந்தேகத்துக்கு இடமில்லை.

போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரில் போய் சிசிலியனின் படத்தைக் காட்டினேன். செல்போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதையா தேடுனீக? களை வெட்டுறப்ப பாம்புன்னு நெனச்சு எத்தனையோ அடிச்சுப் போட்டிருக்கோமே!"

முகம் சுருங்கிவிட்டது. உடனே வாழைக்குள் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, இங்கன வந்து பாருங்க. இனிமே இதைக் கண்டா அடிக்காதீக, மண்ணைத் தள்ளி மூடி விட்ருங்க."

அவர்கள் மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு, படத்தின் மேல் குனிந்தார்கள்.