மீன் கை பட்ட காப்பு

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம் அது. புதுச்சேரியில் உழவர்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் தெருவில், அம்மன் கோயில் தீமிதிக்காகக் காப்புக் கட்டியிருந்த நேரம். அந்த ஆடியில் நான் என் கணவரைப் பறிகொடுத்திருக்க வேண்டியவள். அப்படி நடக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் ஆஸ்பத்திரி. மீதிப் பாதி, முன்பின் தெரியாத ஒரு மீன்காரம்மா.

எல்லாம் எங்கள் வீட்டு நாயிலிருந்து ஆரம்பித்தது. வெள்ளை பொமரேனியன், பெயர் பிஜூ. என் மாமியார் டவுனில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் பல வருடம் சமையல் வேலை பார்த்தார். அந்த அம்மாள் பிரான்சில் இருக்கும் மகனோடு போய்ச் சேர்ந்துவிட முடிவு செய்தபோது, பழைய சோபாவையும் நாலைந்து பாத்திரங்களையும் கொடுத்து, கூடவே இந்த நாயையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். பிஜூ என்றால் அவர்கள் பாஷையில் நகை என்று அர்த்தமாம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உனக்கு நான் போட்ட ஒரே நகை இதுதான் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

அதற்குத் தமிழ் தெரியாது. 'வா' என்றால் திரும்பிக்கூடப் பார்க்காது. 'வியேன்' என்றால் ஓடி வரும். 'தெயோர்' என்றால் வெளியே போகும். போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு, யாராவது 'வியேன்' சொல்கிற வரை வாசலிலேயே சமர்த்தாக நிற்கும். பிறந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்த ஜீவன். என் மகளின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கை. மதாம் இருந்தவரை வருடம் தவறாமல் ஊசி போட்டார். எங்களிடம் வந்தபிறகு போடவில்லை. வாசலைத் தாண்டாத நாய்க்கு எதற்கு ஊசி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கு முந்தைய வருடம் என் மகளுக்கு டெங்கு வந்து, ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போய், டாக்டர்களே உதட்டைப் பிதுக்கிவிட்டார்கள். என் கணவர் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றபடியே அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து வந்தால், ஒரு மண்டலம் விரதமிருந்து தீமிதிக்கிறேன் என்று. பிள்ளை எழுந்து வந்தாள். அதனால் அந்த விரதத்தை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிற மனிதர், டீக்கடையில் ஒரு டீ கூடக் குடிக்காமல் இருந்தார்.

விரத வீட்டுக்குள் நாய் ஆகாது என்று மாமியார் சொன்னார். நான் பின்பக்கத்து அறையிலாவது வைப்போம் என்று வாதாடினேன். அது தெருவையே அறியாத நாய், ஏங்கிப் போய்விடும் என்றேன்.

"ஒரு மண்டலந்தானம்மா. வெளிய கெடந்தா செத்தா பூடும்?" என்றார் மாமியார்.

அவர் கெட்டவர் இல்லை. மதாம் வீட்டில் பிஜூவைக் குளிப்பாட்டியவரே அவர்தான். அவருக்குப் பேத்தி உயிர் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வாசலில் நின்று அவரே 'தெயோர்' என்றார். பிஜூ வாலை ஆட்டிக்கொண்டே வெளியே போய், கூப்பிடுவார்கள் என்று வாசலைப் பார்த்தபடி நின்றது. அன்று யாரும் 'வியேன்' சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் அது அப்படியே நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்த வாரமே தெரு நாய்கள் அதைப் பிடித்துவிட்டன. விடியற்காலையில் கோலம் போட வந்தபோது, ஸ்கூட்டிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. காது கிழிந்து, வெள்ளை முடியெல்லாம் ரத்தம். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினோம். இனிமேல் தெருப்பக்கம் போகாமல் இருக்கட்டும் என்று என் கணவர் மாடிப்படித் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினார். வாசல்படியைத் தொடாதபடிக்குச் சங்கிலியின் நீளத்தை மாமியார் அளந்து பார்த்துக்கொண்டார். காயம் ஆறிவிட்டது, நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

காப்புக் கட்டும் நாள் வந்தது. எங்கள் ஊரில் காப்புக் கட்டினவர் தீமிதி முடிகிறவரை எல்லை தாண்டக் கூடாது. அந்த எல்லையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்தக் காலத்தில் அது வயல் வரப்பாம். இப்போது இந்தப் பக்கம் செல்போன் கடை, அந்தப் பக்கம் டூவீலர் சர்வீஸ், நடுவே ஒரு வேகத்தடை. எங்கள் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஆட்டோக்காரருக்கே தெரியாது. ஆனாலும் வேகத்தடை ஓரமாக வேப்பிலை கட்டிய மூங்கிலை நட்டுவிட்டால் அது எல்லைதான். காப்புக் கட்டினவர் அதைத் தாண்டி அங்கே போகக் கூடாது. மீன் கூடை அதைத் தாண்டி இங்கே வரக் கூடாது.

தீமிதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பிஜூவின் குரல் மாறிப்போயிருந்தது. குரைத்தால் கரகரவென்று வேறு ஏதோ பிராணி கத்துவது போல இருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. கால்மிதியைக் கடித்துக் குதறி வைத்திருந்தது. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று என் கணவர் நினைத்தார். குளித்து, ஈர மஞ்சள் வேட்டியோடு போய் அதன் எதிரில் உட்கார்ந்தார். "பிஜூ, வியேன்" என்றார். விரதம் ஆரம்பித்ததிலிருந்து அந்த வார்த்தையை யாரும் அதனிடம் சொல்லவில்லை. ஆனாலும் அது வரவில்லை. அவர் வாயைத் திறந்து பார்க்கக் கையை நீட்டினார். இடது கை கட்டைவிரலில் பல் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துத் துணி சுற்றினார். வூட்டு நாய்தானே என்றார். நான் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு பொண்ணைத் தெரு நாய் கடித்து, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நான்தான். அங்கே சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்திருந்தேன். குரல் மாறும், எச்சில் ஒழுகும், கண்டதைக் கடிக்கும். எல்லாம் எங்கள் வாசலில் இருந்தது. கிளம்புங்கள் என்றேன். தீமிதி முடிந்து போகலாம் என்றார். கெஞ்சினேன், கத்தினேன், பிள்ளையின் தலையில் சத்தியம் வாங்கப் போனேன். கடைசியில், வீட்டில் கூச்சல் வேண்டாம் என்றுதான் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினார்.

வேகத்தடை வந்ததும் இரண்டு காலையும் ஊன்றிவிட்டார். வண்டி நகரவில்லை.

"சொன்னா கேளு. இத்தத் தாண்டினா நான் ஆத்தாவுக்குக் குடுத்த வாக்கு பூடும். அப்புறம் நம்ம பொண்ணுக்கு ஒண்ணுன்னா நீ தாங்குவியா?"

சாமியே இல்லை என்று பேசுகிறவளாக இருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். நானும் அதே சாமியைக் கும்பிடுகிறவள். மகளா, புருஷனா என்று நட்டநடு ரோட்டில் கேட்கிறார் மனிதர். வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். செல்போன் கடைக்காரர் வேடிக்கை பார்த்தார்.

எல்லைக்கு அந்தப் பக்கம், சர்வீஸ் கடை நிழலில், ஒரு மீன்காரம்மா கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீராம்பட்டினத்திலிருந்து வருகிறவர். மற்ற நாளில் தெருவுக்குள் கூவிக்கொண்டு வருவார், காப்புக் கட்டியதால் அங்கேயே தங்கிவிட்டார். நான் அதுவரை அவரிடம் மீன் வாங்கியதுகூட இல்லை. சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து வேகத்தடை வரைக்கும் வந்தார்.

"நாய் கடிச்சதா தம்பி?"

நான் ஆமாம் என்றேன். நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது.

"என் தம்பிய இப்பிடித்தான் நாய் கீறுச்சு. கடிகூட இல்ல, கீறல். கட்டுமரம் வுட்டவன். புயல்ல கடலுக்குப் போயி திரும்புனவன். கடைசியில ஒரு டம்ளர் தண்ணியப் பாத்து அலறுனான்யா. தாகம் தாகம்ங்கறான், டம்ளரக் கிட்ட கொண்டாந்தா அலறுறான். கடல்ல பொழைச்சவன் தண்ணியக் கண்டு பயந்து செத்தான். அத நான் பாத்தேன்."

என் கணவருக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. காப்புக் கட்டிய கையைக் காட்டினார், அவ்வளவுதான்.

அப்போதுதான் அது நடந்தது. அந்த அம்மா வேகத்தடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். மீன் செதில் ஒட்டியிருந்த ஈரக் கையால் அவருடைய வலது மணிக்கட்டை, மஞ்சள் கயிற்றோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார். மீன் தண்ணீர் காப்பில் வழிந்தது.

"இந்தா, மீன் பட்டுச்சு. தீட்டாயிடுச்சு. இனிமே ஒனக்கு எல்லையும் இல்ல, ஒண்ணும் இல்ல. போ. வாக்க ஒடைச்சது நீ இல்ல, நானு. ஆத்தா கேட்டா என்னக் கேக்கட்டும். ஒன் பொண்ணுக்கு வர்றது எதுவா இருந்தாலும் எனக்கு வரட்டும்."

செல்போன் கடைக்காரர் ஐயோ என்று கத்தினார். கோயில் ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து அந்த அம்மாவைக் கண்டபடி திட்டினார்கள். அவரோ பிடித்த கையை விடவில்லை. என் கணவர் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தை போல அழுதுகொண்டே வண்டியில் ஏறினார். நான் வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் சோப்புப் போட்டுக் குழாயடியில் கையை வெகுநேரம் கழுவச் சொன்னார்கள். சுண்ணாம்பு வைத்ததற்குத் திட்டு விழுந்தது. காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள், புஜத்தில் ஒன்று. மூன்று நாள் தாமதித்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அங்கிருந்த டாக்டர், வீட்டில் வேறு யாரையெல்லாம் நாய் நக்கியது என்று கேட்டார். அன்று மாலைக்குள் நான், மாமியார், மகள் மூன்று பேரும் ஊசி போட்டுக்கொண்டோம். நாயின் பக்கம் யாரும் போகக் கூடாது, கதவைச் சாத்தி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முதல் முறை விரதத்துக்காகச் சாத்திய கதவை, இந்த முறை பயத்தில் சாத்தினோம். மறுநாள் மத்தியானம் பிஜூவுக்குப் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. சங்கிலி போகிற மட்டும் தவழ்ந்து வந்து, வாசல்படிக்கு ஒரு சாண் தள்ளி, முகத்தைக் கதவுப்பக்கம் வைத்துக் கிடந்தது. என் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். நான் ஜன்னலில் நின்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. "பிஜூ, வியேன்" என்றேன். கிழிந்த காது லேசாக ஆடியது. கதவைத் திறக்க முடியாது என்று தெரிந்திருந்தும் நான் ஏன் கூப்பிட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் அது போய்விட்டது. நகராட்சி ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு வந்து எடுத்துப் போனார்கள். மாமியார் கதவோரம் உட்கார்ந்து, தான் அன்று சொன்ன 'செத்தா பூடும்' என்ற வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

அந்த வருடம் என் கணவர் தீமிதிக்கவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மகளுக்குச் சாதாரணமாகச் சளி பிடித்தால்கூட எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

ஊசிகளெல்லாம் முடிந்து, பயந்த நாட்களும் கடந்தபிறகு, அந்த அம்மாவைத் தேடி வீராம்பட்டினம் போனோம். அன்றைக்குப் பிறகு எங்கள் பக்கம் மீன் விற்க அவரை விடவில்லையாம். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். வலை காய்கிற சந்தில் சின்ன வீடு. எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஒன் பொண்ணு நல்லாருக்குறாளா?"

நல்லா இருக்கிறாள் என்றதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் சொன்னார். அந்த ஆடியில் அவர்கள் ஊர்த் தேர் ஓடியபோது, அவர் வடத்தைத் தொடவில்லையாம். பிறந்ததிலிருந்து தொட்டு இழுத்த வடம். "காப்ப தீட்டாக்குன கையி. எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு ஆத்தா தேர நான் தொடுறது?" என்றார். சாமிக்குப் பயப்படாதவர் என்பதால் துணிந்து செய்தார் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் எங்களைவிட அதிகமாகப் பயந்தவர். அந்தப் பயத்தோடுதான் எங்கள் பாவத்தை ஏற்றுக்கொண்டார்.

எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கணவரிடம் நீட்டினார். குடி என்றார். அவர் வாங்கி, நின்றபடியே, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதையே அந்த அம்மா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பு காலியானதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நாயை வீட்டுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா என்று கம்பெனியில் யாராவது பேச்செடுத்தால், எங்கே வைத்தாலும் ஊசியைப் போடுங்கள், உள்ளே வளர்த்ததை ஒருநாளும் வெளியே தள்ளாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். இன்றும் என் கணவர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டால், கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, சொம்பு காலியாகிற வரைக்கும் நின்று பார்க்கிறேன்.