பரணில் ஏற்றிய கோணி

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோவையாக வராது, மறதியும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மைசூருக்கு வந்த இருபது வருஷத்தில் நான் பயமில்லாமல் சொல்லும் கன்னட வார்த்தை ஒன்றுதான்: ஹௌது. ஆமாம் என்று அர்த்தம். ரேஷன் கடையிலும் வீட்டுக்காரம்மாவிடமும் அதைச் சொல்லித் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். நம் ஊரில் புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்போம். இங்கே அந்தத் துணிவு எனக்கு வரவில்லை. ஆவணியில் என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் கன்னடத்தில் நிறையச் சொன்னார். ஐந்தாறு தடவை ஹௌது சொன்னேன். பாரம் தூக்கக் கூடாது, ஆராமாக, அதாவது ஓய்வாக, இருக்கட்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது.

அவர் கொத்தனார். தேவராஜ மொஹல்லாவில் எத்தனையோ கடைகளுக்குச் சுவர் பூசியவர். அவரை ஒரு சொம்புத் தண்ணீர்கூட நான் தூக்க விடவில்லை. நானே குளிப்பாட்டினேன், நானே ஊட்டினேன். பார்க்க வந்த கூட்டாளிகளை வாசலோடு அனுப்பினேன். ஆயுத பூஜைக்குக் கரண்டி, தூக்குகுண்டு, ரசமட்டம் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். வருஷா வருஷம் அவர் வாசற்படி ஓரம் ஒரு கரண்டிச் சாந்து பூசுவார். இந்தத் தடவை கண்ணில் பட்டால் தூக்கிவிடுவாரே என்று பயந்து, விடிந்ததும் எல்லாவற்றையும் கோணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன். திரும்பினால், கட்டிலில் விழித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். பேச்சில்லை. கண்ணில் நீர் தானாக வழியும்.

"ஏன்ரீ சரசம்மா, மேஸ்திரி மாத்தே ஆடல்லவா?" என்றார் பக்கத்து வீட்டுக் கிரிஜம்மா. பேசுவதே இல்லையே என்று கேட்கிறார்.

"ஆராம் ரீ, ஆராம்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு மாசம் இப்படியே போனது. ஒரு மத்தியானம், ஒரு வாயாவது வாங்கிக்குங்க என்று சோற்றை அவர் உதட்டருகே கொண்டுபோனேன்.

"செத்தவனுக்கு எதுக்கு சரசு சோறு?"

"என்ன பேச்சுங்க இது?"

"எங்கப்பன் செத்தன்னிக்கு அவரு சாமானக் கோணியில கட்டுனது யாரு? நீதான. எனக்கும் கட்டிட்டியே புள்ள. இனித் தூக்கிட்டுப் போறதுதான் பாக்கி."

சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மேட்டூர்ப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் மாமனார் பிணம் கிடக்க, உள்ளே உட்கார்ந்து நான்தான் கட்டினேன். கொத்தனார் போனால் எங்களில் அதுதான் வழக்கம். இங்கே கட்டும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு மாசமாக இவர் தன் சாவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் நன்றாகக் கவனிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதே கோணியை இறக்கி அவிழ்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கிரிஜம்மாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நடக்கவிடு, சின்ன வேலை கொடு, மனசு சோர்ந்தால் உடனே கூட்டி வா என்று முதலில் வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கே டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கும் நான் ஹௌது சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை வெட்கத்தை விட்டு, "அர்த்த ஆகலில்ல" என்றேன். புரியவில்லை என்று சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது. கிரிஜம்மா தன் தமிழில் எடுத்துச் சொன்னார்: "இது டிப்ரஷன் அந்தெ. ஹுச்சு அல்ல, பைத்தியம் இல்லெ. மாத்திரெ இருக்கு. நீ அழபேடா." டிப்ரஷனாம், அழாதே என்கிறார்.

மாத்திரை தொடங்கி இரண்டு மாசமாகிறது. ஒருநாள் தானே சவரம் செய்துகொள்கிறார். மறுநாள் மறுபடி சுவர். ஊரிலுள்ள அண்ணனுக்குக் கடுதாசி எழுத உட்கார்ந்தேன். நெஞ்சுவலி தேவலை என்பதோடு நின்றுவிட்டது. இந்த நோவுக்குப் பெயர் இங்கே வந்துதான் தெரிந்தது. அங்கே எழுதினால் பைத்தியம் என்று மந்திரிக்க ஆள் தேடுவார்கள். சொல்லி அழவோ எனக்கு அங்கேதான் ஆட்கள். பாதித் தாள் காலியாகவே அலமாரியில் கிடக்கிறது.

மாசக் கணக்கும் டாக்டர் பேச்சும் தப்பாக இருக்கலாம். உங்கள் பத்திரிகையில் அச்சிடுமுன் யாராவது வந்து சரிபார்த்துவிடுங்கள். கிரிஜம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரரையே கேளுங்கள். சில நாள் பதில் சொல்கிறார்.