காலி என்று சொன்ன இடம்

அக்காவின் தட்டில் சோறு ஆறிக்கிடந்தது. லீவுக்கு ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்கு வந்தவள், சாப்பிட உட்கார்ந்து, காய்ந்த கையோடு பேசிக்கொண்டே இருந்தாள். விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் குளிர்ந்த வாயு மேகங்களில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன, அவை எங்கே திரண்டு புது விண்மீன் ஆகின்றன என்று ரேடியோ தொலைநோக்கியால் தேடுவது அவள் வேலை. அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நான் தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்கு மேகம் என்றால் மழை, அவ்வளவுதான்.

அவர்கள் மேகத்தை ஒருமுறை பார்ப்பார்களாம். பக்கத்தில் காலி வானத்தை ஒருமுறை பார்த்து, அதை மேகத்தின் கணக்கிலிருந்து கழிப்பார்களாம். மிஞ்சுவதுதான் மேகத்தின் சரக்கு. அவளுடைய ஆராய்ச்சி நிலைய இயக்குநர் காலி என்று காட்டிய இடத்திலும், மேகத்தில் இருந்த அதே அம்மோனியா வாயு இருந்திருக்கிறது. கழித்தால் என்ன மிஞ்சும்? அந்த மகானுபாவர் உடனே, இந்த மேகத்தில் ஒன்றுமில்லை, இங்கே விண்மீன் பிறக்காது என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

"காலித் தட்டுல புளி ஒட்டிக்கினு இருந்தா தராசு இன்னாடா காட்டும்?" என்றாள் அக்கா. எனக்கே புரிந்தது. அக்கா எடுத்துச் சொல்லியும் பெரிய படிப்பு படித்தவருக்குப் புரியவில்லை. "சுரங்கக்காரர் பொண்ணு இல்லையா, எங்கே பார்த்தாலும் ஏதோ இருக்குன்னுதான் சொல்லுவாங்க" என்று எல்லார் முன்னாலும் சிரித்தாராம். தொலைநோக்கியில் அவளுக்கிருந்த நேரத்தையும் தன் செல்லப்பிள்ளை ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்தார். தூ! இதெல்லாம் ஒரு பிழைப்பா?

அக்கா வெளிநாட்டுத் தொலைநோக்கிகளில் நேரம் கேட்டு வாங்கி, அந்த மேகம் முழுவதையும் வரைபடமாக்கினாள். நடுவில் வாயு இறுகிக்கொண்டிருப்பதைக் காட்டினாள். பிறகு வந்தவர்கள் அங்கே பிஞ்சு விண்மீன்களையே கண்டார்கள். இன்று அந்த மேகத்தை ஆராய்கிறவர்கள் அவள் வரைபடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனாலும் அவளுக்கு ஒரு குறை. "'நான் காலின்னு சொன்னது தப்பு'ன்னு அவர் வாயால ஒரு வார்த்தை வந்தா போதும்டா" என்பாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையே சொன்னாள். அது வராமலே போய்ச் சேர்ந்தாள்.

போன மாதம் ராபர்ட்சன்பேட்டையில், சர்ச் ஹாலில் நினைவுக் கூட்டம். சிறப்பு விருந்தாளி யார் என்கிறீர்கள்? அவரேதான். "அந்த இடம் காலியில்லை என்பதை நாங்கள் சேர்ந்தே கண்டுபிடித்தோம்" என்று கூசாமல் பேசினார். நாங்களாம்! நம் ஆட்களுக்கு ரோஷம் ஏது? "எவ்ளோ பெரிய மனுசன், நம்ம ஊருக்கு வந்துகிறாரு" என்று கைதட்டினார்கள்.

விருந்தாளிக்குச் சால்வை போர்த்துவது வீட்டாரின் கடமை. பாஸ்டர் சால்வையை என் கையில் கொடுத்தார். இயக்குநர் கழுத்தை நீட்டிக் குனிந்து காத்திருந்தார்.

"சார், அந்த எடம் காலின்னு சொன்னது யாரு? அத மட்டும் மைக்குல சொல்லுங்க, போத்தறேன்."

"இன்னா தம்பி இது, வேணாம்" என்று பாஸ்டர் என் சட்டையை இழுத்தார். நான் நகரவில்லை. இயக்குநர் நிமிர்ந்து மைக்கை வாங்கினார். அக்காவின் படத்தைப் பார்த்தார். பாவி, இப்போதாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவர் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, சால்வை இல்லாமலே படியிறங்கிப் போனார். அந்த ஒரு வார்த்தையைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.