சீமைக் குதிரைக்கு வச்ச திருஷ்டிப் பொட்டு

குதிரைன்னு சொன்னாலே எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கும். நான் சொல்லுதது நம்ம ஜட்கா வண்டிக் குதிரை இல்ல. சீமையில பந்தயம் ஓடி, அங்கனயே செத்தும் போயி, படமா குத்தாலத்துக்கு வந்து சேர்ந்த குதிரை.

எங்க வீட்டுக்காரர் நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதுதவுக. காடு, அரமனை, தர்பார்னு மேடையில தொங்கவிடுத படுதாவுல சாயத்தால எழுதுவாக. கம்பெனி எந்த ஊருக்குப் போகுதோ அந்த ஊருக்குப் பின்னாலயே போகணும். எனக்குத் தலைப்பிள்ளை பிறந்தப்ப அவுக கொளும்புல இருந்தாக. சேதி போயி, கப்பலேறி, தென்காசிக்கு வந்து சேருததுக்குள்ள பிள்ளை போயிட்டான். மூஞ்சியைக்கூடப் பாக்கல. "யாரு சாடைட்டி?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாக. "உங்க சாடைதான்"னேன்.

மறுபடி நான் உண்டாகி ஆறு மாசம். ஆனி மாசம், சாரல் பிடிச்சிருந்தது. ஆடி கழிஞ்சதும் கொளும்புக்குக் கப்பல்னு கம்பெனி ஆளு வந்து சொல்லிட்டுப் போயிட்டான். இந்தப் பிள்ளை பிறக்கையிலயும் அவுக இருக்க மாட்டாகளேன்னு நான் நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் குத்தாலத்துப் பங்களாக்கார முதலாளி ஆள் அனுப்புனாரு. அவருக்குக் கிண்டியில பந்தயக் குதிரை உண்டு. பங்களாச் சுவர் பூராவும் சீமையில இருந்து வரவழைச்ச பழைய குதிரைப் படங்க. சாரல்ல ஊறி ஊறி எல்லாத்துலயும் பூசணம். "ஒண்ணைப் பாத்து அச்சு அசலா எழுதிக் கொடும். ஒரு ரோமம்கூட மாறக்கூடாது. பிடிச்சுதுன்னா மிச்சத்தையும் நீரே எழுதலாம்"னாராம். மிச்சம்னா ஒரு வருஷத்து வேலை. கப்பலேற வேண்டாம்.

படம் எங்க வீட்டுக்கு வந்துது. செம்பழுப்புக் குதிரை. நாலு காலும் தரையில படாம முன்னயும் பின்னயும் நீட்டிக்கிட்டுப் பறக்கும். "எந்தக் குதிரை இப்படி ஓடும்? வயிறு தரையில இடிக்காது?"ன்னு கேட்டேன்.

"சீமைக்காரன் எழுதியிருக்கான். நமக்கென்ன? உள்ளபடி எழுதணும்"னாக.

எழுதுனாக பாருங்க! கழுத்து நரம்பு, வேர்வை மினுமினுப்பு, சவாரிக்காரன் சட்டைச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருந்துது. நான் அடுப்பு வேலையைப் போட்டுட்டு வந்து வந்து பாப்பேன். அந்தச் சாரல் காத்துல எண்ணெய்ச் சாயம் காயவே மாட்டேன்னுட்டு. குமுட்டியில கரியைப் போட்டுக் கிட்ட வச்சு வச்சு எடுத்தோம்.

முதலாளி பாக்க வார அன்னைக்குக் காலையில எதிர்வீட்டு மதினி உறைமோர் கேட்டு வந்தா. படத்தைப் பாத்துட்டு, "ஆத்தாடி! உசுரோடல்லா நிக்குது! இப்பக் கனைச்சிரும் போல இருக்கே"ன்னு கன்னத்துல கை வச்சுட்டா. அவ கண்ணு பொல்லாத கண்ணு. காய்ச்சுத் தொங்குத முருங்கையைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னா, மறுநாள் கிளை முறிஞ்சு கிடக்கும். எனக்குப் பொறுக்கல. அவ வாசல் தாண்டுனதும் கண்மையை விரல்ல தொட்டு, குதிரை கன்னத்துல ஒரு பொட்டு வச்சிட்டேன். பச்சைப் பிள்ளைக்கு வைக்கதில்லையா, அது மாதிரி. மேல காஞ்ச மாதிரி இருந்துதே ஒழிய உள்ள ஈரம். பொட்டு சாயத்துக்குள்ள இறங்கிட்டு.

ஆத்துல குளிச்சிட்டு வந்தவுக பாத்தாக. "ஏட்டி! என்னட்டி செஞ்சு வச்சிருக்கே?" தொடைக்கத் துணியை எடுத்துட்டு, அப்படியே கீழ வச்சிட்டாக. தொடைச்சா குதிரைத் தோலும் சேர்ந்து வந்துரும். அதுக்குள்ள தெருவுல மோட்டார் சத்தம் கேட்டாச்சு.

முதலாளி ரெண்டு படத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. கன்னத்துக்கிட்ட வந்ததும் அப்படியே நின்னுட்டாரு. "இது என்னவே கறுப்பு? அசல்ல இல்லையே?"

"கை தவறிட்டு முதலாளி"ன்னாக எங்க வீட்டுக்காரர். என்னைக் காட்டிக் கொடுக்கல. அந்த மனுசன் தலைகுனிஞ்சு நின்னதைப் பாத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துட்டு.

"அவுக கை ஒண்ணும் தவறல. நான்தான் வச்சேன்"னு கதவு மறைவுல நின்னே சொன்னேன். "அழகா இருக்குத பிள்ளைக்குப் பொட்டு வைக்காம யாரு விடுவா?"



முதலாளி அசல் படத்தைக் கிட்டப் போய்ப் பாத்தாரு. வால் பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூசணம். "சீமையில எழுதுனவன் பெண்டாட்டி இதை வைக்காம விட்டுட்டா போலிருக்கு. அதான் இந்தக் கதி"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நல்லா வாய் விட்டே சிரிச்சாரு. "மிச்சத்தையும் எழுதும்வே. பொட்டோட எழுதும்."

அந்த மகராசன் நல்லா இருக்கணும். கப்பலுக்கு வரலன்னு அன்னைக்கே கம்பெனி ஆளுக்குச் சேதி சொல்லியாச்சு. அதுக்குப் பெறகு ஒவ்வொரு குதிரை முடியும்போதும், "வாட்டி, வந்து உன் வேலையைப் பாரு"ன்னு கூப்பிடுவாக. நான் வச்சது தப்புன்னு இன்னைக்கும் ஒத்துக்க மாட்டேன்.

ஐப்பசி மழையில மக பிறந்தா. மருத்துவச்சி துணியில சுத்தி நீட்டுனதும், அவுக சாயக் கையோட ஓடி வந்தாக. ரொம்ப நேரம் அந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாக. "யாரு சாடை?"ன்னு நான் கேட்டேன். கண்மையை விரல்ல தொட்டாக. கன்னத்துல பொட்டை வச்சுட்டுச் சொன்னாக:

"இவளை நான் பாத்துட்டேன்ட்டி."